சாயவேர்

சாயம் தரும் வேர், ஆகவே சாயவேர். இவ்வளவு வெளிப்படையான பெயரைக் கடல் கடந்து வந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எடுத்துப் போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வேரையும் விடாமல் ‘ஷாயாவேர்’ என்றே எழுதினார்கள். ஆங்கிலேயர்களோ சாயத்தைச் ‘சே’ என்று சுருக்கி, தங்கள் ‘ரூட்’டை அதன் பின்னால் ஒட்டினார்கள். சோழமண்டலக் கரையின் சீட்டித் துணிகளுக்குச் சிவப்பைத் தந்தது இந்த வேர்தான்.

மணற்பாங்கான நிலத்தில் படரும் சின்னஞ்சிறு செடி அது. வேர் மெலிந்து நீண்டு ஆழமாக இறங்கும். சாயம் முழுவதும் அதன் தோலில்தான். உள்ளே வெறும் வெள்ளை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இதைத் தோண்டியவர்களுக்கு வேர்குத்திகள் என்றே பெயர் நிலைத்தது. அந்த வியாபாரத்தை ஒல்லாந்தர் தங்கள் தனியுரிமையாக வைத்துக்கொண்டார்கள். குத்தியவர்கள் கையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, சாயக்காரர்களிடம் கேட்டறிந்த தொழில்முறையை 1742இல் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதினார். முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்பு இருப்பதால்தான் பிறகு தீட்டும் கோடு பரவாமல் நிற்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் வரைவார்கள். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. வரைகிறவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று பதிமுகச் சாற்றைக் கொஞ்சம் கலப்பார்கள். அதன் பிறகே சாயவேர்ப் பொடியிட்டுக் கொதிக்கவைப்பது. படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து வரும். மற்ற இடங்களில் ஏறிய மங்கல் நிறம் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துவிடும், சிவப்பு மட்டும் அசையாது. குட்டு வெளிப்பட்டவரைச் ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்கிறோமே, அந்தப் பேச்சு இந்தச் சாயத்துக்குப் பொருந்தவே பொருந்தாது.

1868இல் ஜெர்மனியின் வேதியியலாளர்கள் கிரேபெயும் லீபர்மானும் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். சாயவேரின் தோலில் இருப்பதும் அதே அலிசரின்தான். அது ஆலைகளிலிருந்து மலிவாக வரத் தொடங்கியதும் மணலைக் கிளறி வேர் பொறுக்கும் தேவை ஒழிந்தது. வேர்குத்தி என்ற சொல்லும் பேச்சிலிருந்து உதிர்ந்தது.

செடி அழியவில்லை. இருமலுக்கும் இரத்தம் கக்குவதற்கும் சித்த வைத்தியர்கள் கொடுக்கும் இம்பூறல் இதே செடிதான். மருந்துக்கு வைத்த அந்தப் பெயரில் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கிறது. சாயவேர் என்று கேட்டால் எடுத்துத் தருகிற கடைக்காரர் அபூர்வம்.