நாமகிரித் தாயாரும் ஒரு சிலேட்டும்

கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை வரலாறு எதைப் புரட்டினாலும் சீக்கிரமே நாமக்கல் வந்துவிடும். மலைக்கோட்டை அடிவாரத்து நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைச் சொல்லிக் கொடுத்தாராம். எங்க பக்கத்துக்காரங்களுக்கு இதில் பெருமை, எனக்கும்தான். குடும்பத்துக்கு அந்தத் தாயார்மேல் இருந்த பக்தியும் நிஜம். ஆனா எல்லாத்தையும் தாயாரே சொல்லிக் கொடுத்துட்டா, ராமானுஜன் என்னதான் செய்தார்?

பதினாறு வயசு வாக்கில் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதக் கையேடு அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் தேற்றங்கள், முழு நிரூபணம் அபூர்வம். ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். கணக்குப் பித்தில் மற்ற பாடங்களை விட்டதால் கும்பகோணத்தில் உதவித்தொகை போச்சு, எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. (இன்றைய நாமக்கல் பள்ளி விடுதிகள் அவரை என்ன செய்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.)

நோட்டில் வழிமுறை இல்லாததற்கு அந்த சிலேட்டும் ஒரு காரணம். பக்தி வரலாறுகள் அந்த இடைவெளியில் கனவைக் கொண்டுவந்து வைக்கின்றன. கமென்ட் இல்லாத கோடைப் பார்த்து 'சாமி எழுதினது'ன்னு சொல்ற மாதிரி. புரூஸ் பெர்ண்ட் அந்த நோட்டுகளுக்கு நிரூபணம் தேடித் தொகுத்தது 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது.

அப்புறம் தப்புகள். 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்று சொல்ல ஒரு சூத்திரம் கண்டதாகவும், அதில் பிழை புறக்கணிக்கத்தக்கது என்றும் எழுதினார். அந்த நம்பிக்கை தவறு. ஹார்டியே இதை விரிவாகப் பேசியிருக்கிறார். தாயார் சொன்னதென்றால் இதை யார் கணக்கில் எழுதுவது? பக்தி நூல்களில் இந்தப் பக்கமே இருக்காது. ஹார்டியும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் நாத்திகர், எல்லா மதமும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மை என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக எழுதி, அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ராமானுஜன் கடல் தாண்ட, கனவில் வந்த தாயார் அம்மா கோமளத்தம்மாளிடம் உத்தரவு கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அதே கோமளத்தம்மாள் தங்கள் கடிதங்களைச் சேரவிடாமல் தடுத்ததாக மனைவி ஜானகி அம்மாள் பிற்காலத்தில் சொன்னார். முதல் கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கு, இரண்டாவதைத் தேடணும். 1920-ல் கணவர் 32 வயதில் இறந்தபின், ஜானகி பல வருஷம் திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார்.