பன்றிக்குட்டியின் சிறுகுடல் உட்படலம்: முதல் மூன்று வாரங்களும் அவற்றை அறிந்த வரலாறும்

பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் ஏறத்தாழ இல்லை. தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் நடுவே நஞ்சுக்கொடியில் ஆறு திசு அடுக்குகள் உள்ளன. ஏறத்தாழ 114 நாள் சினைக்காலம் முழுவதும் அந்தப் பெரிய மூலக்கூறுகள் இவற்றைக் கடப்பதில்லை. ஆகவே பிறந்த அன்றே சீம்பாலிலிருந்து அவற்றை முழுதாக உள்வாங்கி இரத்தத்தில் சேர்க்கும் வேலை சிறுகுடலின் உட்படலத்தின் மேல் விழுகிறது.

இந்த வேலைக்கென்றே அமைந்தவை கருக்கால உறிஞ்சு செல்கள். நுண்ணோக்கியில் பார்த்தால், சிறுகுடலின் பின்பகுதியில் இத்தகைய செல்லின் பெரும்பகுதியை ஒரே குமிழ் அடைத்திருக்கும். உட்கரு ஓரமாக ஒதுங்கியிருக்கும். செல்லின் மேல்விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செல்லும் நுண்குழல்கள் பாலின் புரதத்தைச் சிதைக்காமல் குமிழுக்குள் கொண்டுசேர்க்கின்றன. சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருளும் இருப்பதால், குடலில் செரிமானமாகி அழியும் முன்பே புரதம் உள்ளே போய்விடுகிறது.

பால்வழி எதிர்ப்பாற்றலை எலிகளில் 1892 இல் பால் எர்லிக் காட்டினார். கன்றுகளுக்குச் சீம்பால் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1922 இல் தியோபால்ட் ஸ்மித்தும் லிட்டிலும் நிறுவினர். அதுவரை ஆய்வாளர் கவனம் பாலிலும் இரத்தத்திலுமே இருந்தது. அதைக் குடலின் பக்கம் திருப்பியவற்றுள் 1962 இல் லெக்கேயும் மோர்கனும் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. பால் குடித்த குட்டிகளில் ஒன்றிரண்டு நாளுக்குள் பெரிய மூலக்கூறுகள் இரத்தத்துக்குள் புகும் வழி அடைபட்டது. பட்டினி கிடந்த குட்டிகளில் அது வெகுநேரம் திறந்தே இருந்தது. கதவை மூடுவது வயது மட்டுமன்று, உணவும்தான் என்பது இதனால் தெரியவந்தது. முதல் நாளில் காம்பு கிடைக்காத குட்டி எதிர்ப்புப் புரதத்தை இழப்பதோடு, திறந்தே கிடக்கும் குடலோடு அழுக்குத் தரையை நக்கவும் செய்கிறது. நடைமுறையில் இதைவிடக் கவலைக்குரியது வேறில்லை.

வழி அடைபட்டதும் செல்கள் உடனே மாறிவிடுவதில்லை. குடலின் முன்பகுதியில் கருக்காலச் செல்கள் சில நாட்களில் மறைகின்றன; பின்பகுதியில் மூன்று வாரம் வரை தங்குகின்றன. இதற்கான காரணத்தை ஹார்லி மூனின் 1971 ஆய்வு தெளிவாக்கியது. உறிஞ்சு விரல்களின் அடியிலுள்ள குழிகளில் பிறக்கும் செல் நுனிக்கு ஏறி உதிர, புதிதாய்ப் பிறந்த குட்டியில் 7 முதல் 10 நாள் ஆகிறது. மூன்று வாரக் குட்டியில் 2 முதல் 4 நாளே. வயிற்றுப்போக்கு வைரஸ் தாக்கும்போது பச்சிளங்குட்டி மடிவதற்கும் பெரிய குட்டி பிழைப்பதற்கும் ஒரு முக்கியக் காரணம் இந்த வேக வேறுபாடு. அழிந்த படலத்தை நிரப்ப இளங்குட்டிக்கு நாள் போதவில்லை.

வளர்ச்சியும் சீம்பாலையே சார்ந்தது. முதல் 24 மணி நேரத்தில் பால் குடித்த குட்டியின் செரிமான உறுப்புகள் கணிசமாக எடை கூடுவதை எல்சி விடோசனும் சகாக்களும் 1976 இல் பதிவுசெய்தனர். நொதிகளிலும் மாற்றம் நிகழ்கிறது: பால்சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் பிறப்பில் மிகுந்திருந்து பின் குறைய, மாச்சத்தையும் சர்க்கரையையும் செரிக்கும் மால்டேஸ், சுக்ரேஸ் ஆகியவை மெல்ல உயர்கின்றன. 21 நாளில் பால்குடி மறக்கடித்த குட்டிகளில், ஒரே நாளில் உறிஞ்சு விரல்களின் உயரம் முன்பிருந்ததில் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைந்ததை 1986 இல் ஹாம்ப்சன் அளந்தார்.

தமிழகத்தில் பன்றி ஆராய்ச்சி நடக்கும் இடங்களுள் ஒன்று, காட்டாங்குளத்தூரை ஒட்டிய காட்டுப்பாக்கம். 1989 இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கு பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் பன்றிகளை வளர்க்கிறது. அகில இந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களில் அதுவும் ஒன்று. அங்கு உருவான ‘டானுவாஸ் கே.பி.எம். கோல்டு’ கலப்பினத்தில் முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப்பன்றி.

தமிழகத்தில் பல பண்ணைகள் உணவகங்கள், விடுதிகளின் மீந்த சோற்றை நம்பியிருக்கின்றன. அதில் பெரும்பகுதி மாச்சத்து. மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அதைச் செரிக்கும் நொதி போதிய அளவில் வருவதில்லை. செரிக்காத சோறு பெருங்குடலில் புளித்துக் கழிச்சலை உண்டாக்கும். நம் பண்ணைகளில் நெடுங்காலம் வழக்கமாயிருந்த எட்டு வாரப் பால்குடி, தாய்ப்பன்றியின் அடுத்த ஈற்றைத் தள்ளிப்போட்டாலும், குட்டியின் குடலுக்குப் பொருந்தியதே. அதற்கு முன்பே பிரிக்கும் பண்ணையில், தாயிடம் இருக்கும்போதே குருணைத் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்குவதும், பிரித்தபின் கொட்டிலைக் கதகதப்பாக வைப்பதும் அவசியமாகின்றன.