பொன் நாணயம்: உண்மையா, போலியா?

பழைய ரோமானிய நாணயம் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், அது உண்மையானதா, போலியா என எவ்வாறு அறிவீர்கள்? ஸ்பான்சியன் நாணயத்தின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

1713-இல் டிரான்சில்வேனியாவில் சில பொன் நாணயங்கள் கிடைத்தன. அவற்றில் ஸ்பான்சியன் என்ற பெயர் இருந்தது. இன்று கிடைக்கும் ரோமானிய வரலாற்று நூல்களிலோ அப்படி ஒரு பேரரசன் இல்லை. மேலும், ரோமானியர் இரு அச்சுகளுக்கிடையே உலோகத்தை வைத்து, சம்மட்டியால் அடித்து நாணயம் செய்தனர். இவையோ உருக்கி வார்க்கப்பட்டவை. எனவே 1863-இல் நாணயவியல் அறிஞர் ஹென்றி கோஹன் இவற்றைப் போலி என ஒதுக்கினார்.

2022-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலுள்ள நாணயத்தைப் பால் பியர்சன் குழுவினர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். பல திசைகளிலும் கீறல்கள் தெரிந்தன. பரப்பில் சிலிக்காவால் இறுகிய மண் படிந்திருந்தது. ஆகவே இது பலர் கையில் புழங்கி, நெடுங்காலம் புதைந்திருந்தது, கி.பி. 260-களைச் சேர்ந்தது என்றனர்.

நாணயவியலார் பலர் இதை ஏற்கவில்லை. பின்புறச் சித்திரம், அக்காலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு வெள்ளி நாணயத்தின் நகல் அல்லவா?

கீறல் தேய்வைக் காட்டும். மண் புதைவைக் காட்டும். வார்த்தவர் யார் என்பதை இரண்டும் கூறா. ஒரு சான்று எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதையே முதலில் கேளுங்கள்.