புளியந்தீவுக் கோட்டையும் விடுபட்ட சொற்களும்

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் உன்னிச்சைக்காரருக்கு முன்பெல்லாம் மாவட்டக் கச்சேரிக்குப் போவதென்றால் கோட்டைக்குள் போவதுதான். காணி அலுவலோ, போக ஆரம்பக் கூட்டமோ, வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்பு நகரின் புளியந்தீவுக்கு வந்து அந்த வாசலுக்குள்தான் நுழைய வேண்டியிருந்தது. கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்ற நேரங்களில்தான் அந்த மதிலின் கனம் என் கண்ணில் பட்டது.

அந்தக் கோட்டை எழுவதற்கு முன்பே ஒல்லாந்தத் தூதர்கள் மட்டக்களப்புக்கு வந்திருந்தார்கள். 1602இல் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இங்கே கரையிறங்கி, கண்டி சென்று அரசன் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். அடுத்த ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட் அரசனோடு முரண்பட்டு இந்த மண்ணிலேயே கொல்லப்பட்டார்.

கோட்டையைப் போர்த்துக்கீசர் 1628இல் கட்டினார்கள். நான்கு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. சுற்றிலும் தண்ணீர். வாவியில் தோணி வந்தால் கொத்தளத்தில் நிற்பவனுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். இடம் தெரிந்து கட்டியிருக்கிறார்கள்.

1638 மே 18இல் வெஸ்டர்வோல்ட் தலைமையில் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் பிடித்த முதற்கோட்டை இதுதான். ஐந்து நாள் கழித்து, மே 23இல், அவரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் மட்டக்களப்பில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். போர்த்துக்கீசருக்கு எதிரான ஒல்லாந்தரின் போர்ச்செலவைக் கறுவாவும் மிளகும் போன்ற பொருள்களால் அரசன் ஈடுசெய்வான் என்பது ஏற்பாடு. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவதற்கு அரசனுடைய விருப்பம் வேண்டுமென்று போர்த்துக்கீச மொழிப் பிரதி சொன்னது. ஒல்லாந்தப் பிரதியில் அந்தச் சொற்களே இல்லை.

காணிப் பத்திரத்தில் ஓர் எல்லை விடுபட்டால் என்ன நடக்குமென்று வயல்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1640இல் பிடித்த காலியை அவர்கள் அரசனுக்கு விடவில்லை. 1656இல் கொழும்பையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். உதவிக்கு அழைத்த அரசன் தன் கரையோரத்தை இழந்தான். என் கணக்கில் இது மறதியால் வந்த பிழையல்ல, துரோகம்.

கச்சேரி இப்போது திராய்மடுவுக்குப் போய்விட்டது. கோட்டையைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்த ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளையும், தமிழ், சிங்கள மொழிபெயர்ப்புகளோடு, உள்ளே ஓர் அறையில் பக்கம் பக்கமாக வையுங்கள். எங்கள் படுவான்கரைப் பிள்ளைகள் வந்து படிக்கட்டும்.