விசாரித்தல் என்னும் ஊழியம்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 6:1–7



ஆதித் திருச்சபையில் முறுமுறுப்பு எழுந்தது எதைக் குறித்து என்று நினைவிருக்கிறதா? சாப்பாட்டைக் குறித்து. எருசலேமில் நாள்தோறும் உணவு பகிர்ந்தளிக்கப்பட்டபோது கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள். யாரும் அவர்களை வேண்டுமென்று தள்ளியதாக வேதம் சொல்லவில்லை. கூட்டம் பெருகியது, சிலர் கண்ணில் படாமல் போனார்கள், அவ்வளவுதான். அப்போஸ்தலர்கள் அதை அற்பக் காரியமாக எண்ணாமல், நற்சாட்சி பெற்ற ஏழு பேரை அதற்கென்றே தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவானும் பிலிப்புவும் அந்த எழுவரில் இருந்தார்கள்.

அந்த வேலைக்கு நம் தமிழ் வேதாகமம் கொடுத்திருக்கும் பெயர் பந்திவிசாரணை. விசாரணை என்றால் இன்று நமக்குக் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வியாதியஸ்தரைப் பார்க்கப் போவதற்கும், விதவைகளை ஆதரிப்பதற்கும் வேதம் கையாளும் சொல் இதுவே. மத்தேயு 25-லும் யாக்கோபு முதல் அதிகாரத்திலும் இதைக் காணலாம். தேடிச் சென்று, முகம் பார்த்து, 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பதே விசாரித்தல்.

இந்த ஊழியத்தைச் சபை எளிதில் கைவிட்டுவிடவில்லை. பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிக்கும் செய்யவேண்டியதைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் முதலில் செய்யட்டும், யாருமற்றவர்களைச் சபை தாங்கட்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். சுமார் கி.பி. 251-இல் ரோமாபுரியின் பேராயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில், தம் சபை 1500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரிப்பதாகக் குறிப்பிடுகிறார். துன்பம் சூழ்ந்திருந்த அந்தக் காலத்திலும் அவர்களை எண்ணி வைத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் செயின்ட் செர்வான் என்ற ஊரில், ஜான் ஜுகான் என்னும் 47 வயதுப் பெண்மணி, பார்வையிழந்து பாதி முடங்கிய ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து தம் கட்டிலையே கொடுத்தார். அவர் செல்வந்தர் அல்லர்; வீட்டுவேலை செய்து பிழைத்தவர். அந்த ஒரு கட்டிலிலிருந்து தொடங்கிய கத்தோலிக்கச் சகோதரிகளின் பணி 1882-இல் கல்கத்தாவுக்கு வந்து, பின்னர் இந்தியாவின் பல நகரங்களிலும் முதியோரைத் தாங்கியது.

இனி நம் பக்கத்து வரலாற்றுக்கு வருவோம். கொங்கு நாட்டில் பெருந்தொகையான குடும்பங்கள் ஊருக்குள் நெருங்கி வாழ்வதில்லை. தங்கள் தோட்டத்துச் சாளையில் வாழ்கின்றன. நம் தாத்தாக்கள் காலத்தில் அந்தச் சாளைகள் தனிமையானவை அல்ல. காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்த நாட்களில் கிணற்றடியில் எப்போதும் ஆள் இருந்தது. திண்ணையில் அமர்ந்த முதியவர் எழுந்திருக்கவில்லை என்றால் பத்துப் பேருக்கு உடனே தெரிந்துவிடும். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை மாவட்டத்துக் கிணறுகளுக்கு மின்மோட்டார்கள் வந்தன. பத்துப் பேர் செய்த வேலையை ஒரு பொத்தான் செய்தது. பிள்ளைகள் கோவை ஆலைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், பின்பு கடல் கடந்தும் போனார்கள். வளம் பெருகியது, அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் திண்ணை வெறுமையாயிற்று.

அரசும் தன் பங்கைச் செய்தது. 1962-இல் நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023-இல் அது 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நெடுங்காலம் அது மணியார்டரில் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பார், கைரேகை வாங்குவார், இரண்டு வார்த்தை பேசுவார். அவரும் மாதம் ஒருமுறை விசாரிக்க வந்தவரே. பின்பு வங்கிக் கணக்கு வந்தது. வசதி கூடியது, பலருக்கு அந்தக் குரல் நின்றுபோனது. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே புறநோயாளிகள் பிரிவு தொடங்கப்பட்டது. 1983-இல் உதவித்தொகை பெறும் முதியோருக்கும் சத்துணவுக்கூடம் திறந்துவிடப்பட்டது. 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன்படி கைவிடப்பட்ட பெற்றோர் நம் உடுமலைக் கோட்டாட்சியரிடமே முறையிடலாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

இத்தனைக்கும் பிறகு விடுபடுவது எது? 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் முதிய பெற்றோரும் மகனும் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதியர் கொல்லப்பட்டனர். அது வெளியே தெரியவே சில நாட்கள் ஆயின. அந்தச் சில நாட்களைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். திருடன் வராத வீட்டிலும் இதே ஆபத்து உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்தவர் எத்தனை மணி நேரம் அப்படியே கிடப்பார் என்பது, அவரை யார் எப்போது தேடுவார்கள் என்பதைப் பொறுத்தது. தனிமை ஆண்டுதோறும் உலகில் 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களோடு தொடர்புடையது என்று 2025-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தனிமை மனதோடு நிற்பதில்லை, உடலையும் அரிக்கிறது.

ஆகவே இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஆராதனையில் உங்கள் பக்கத்தில் அமர்ந்த பெரியவர் யாராவது சில வாரங்களாக வரவில்லையா? தொலைபேசியோடு நிறுத்தாமல் நேரில் போங்கள். படியில் கைப்பிடி இருக்கிறதா, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, கண்ணும் காதும் பரிசோதித்து எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காவல்துறை என்று சொல்லிப் பணம் கேட்டு மிரட்டும் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு உங்களை அழைக்கும்படி சொல்லுங்கள். தினம் காலையில் குறித்த நேரத்தில் ஒருவர் மற்றவரை அழைப்பது என்று அக்கம்பக்கத்துச் சாளைக்காரர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கட்டும்.

மூத்தோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று வலியை மறைக்காதீர்கள். நடக்க முடிகிறவரை நடங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள், தனியாக இருப்பதால் சமைக்க மனமில்லை என்று பட்டினி கிடக்காதீர்கள். அன்னாள் தீர்க்கதரிசி முதிர்வயதிலும் தேவாலயத்தை விட்டு நீங்காதிருந்து, பாலகனாகிய இயேசுவைக் குறித்து மற்றவர்களுக்குச் சொன்னாளே! விசாரிக்கப்படுகிறவர்கள் விசாரிக்கவும் முடியும். உங்களைப்போல் தனித்திருக்கும் ஒருவரை நீங்களே முதலில் அழையுங்கள்.

எருசலேமில் அந்த ஏழு பேர் பொறுப்பேற்ற பின்பு தேவவசனம் விருத்தியடைந்தது என்று ஏழாம் வசனம் சாட்சி பகர்கிறது. பந்தியில் விடுபட்டவர்களைத் தேடிப்போன சபையைத் தேவன் பெருகச் செய்தார்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் கண்ணுக்கு மறைந்துபோன முகங்களை எங்களுக்குக் காட்டும். அவர்கள் வாசலுக்குப் போக எங்களுக்குக் கால்களையும், அமர்ந்து கேட்கப் பொறுமையையும் தாரும். இந்த இரவில் தனித்திருக்கும் ஒவ்வொரு மூத்தவரையும் உமது செட்டைகளின் கீழ் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.