காவலூர்ப் பதிவுகளும் யுரேனஸின் வளையங்களும்: 1972, 1977 விண்மீன் மறைப்புகள்

சென்னையிலிருந்து அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம் வழியே மேற்கே செல்லும் இருப்புப்பாதையில் வாணியம்பாடியை அடைந்து, அங்கிருந்து ஜவ்வாது மலைப்பகுதிக்குள் சென்றால் காவலூர் வரும். நகர ஒளி எட்டாத இவ்விடத்தை வானாய்வுக்குத் தேர்ந்தவர் வைணு பாப்பு. 1972இல் இங்கு நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, ஐந்தாண்டுகளுக்குள் இரு விண்மீன் மறைப்புகளைப் பதிவுசெய்தது. இரண்டும் காவலூரின் கண்டுபிடிப்புகளாகப் போற்றப்படுகின்றன. அப்போது உண்மையில் காணப்பட்டது எது, காணப்பட்டதற்குத் தரப்பட்ட விளக்கம் எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும்.

தொலைவிலுள்ள கோளோ துணைக்கோளோ ஒரு விண்மீனின் முன் கடக்கும்போது, அதன் நிழல் புவியின்மீது ஒரு பட்டையாக நகர்கிறது. அப்பட்டைக்குள் இருப்போர்க்கு விண்மீன் சில நொடிகளோ நிமிடங்களோ மறையும். மறைந்த கால அளவு பொருளின் குறுக்களவைத் தரும். ஒளி சட்டென அறுபடுகிறதா, படிப்படியாக மங்குகிறதா என்பது வளிமண்டலத்தைப் பற்றிச் சொல்லும்.

1972 சூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பெற்ற பதிவுகளைக் கொண்டு அதன் விட்டம் ஏறத்தாழ 5270 கி.மீ. எனக் கணிக்கப்பட்டது. இன்று ஏற்கப்படும் அளவு 5268 கி.மீ. ஆனால் அதே பதிவுகளிலிருந்து பெறப்பட்ட வளிமண்டலம் 1979இல் வாயேஜர் 1 நிகழ்த்திய புறஊதா ஆய்வில் தென்படவில்லை. கானிமீட்டைச் சூழ்ந்திருப்பதாகப் பின்னர் அறியப்பட்ட ஆக்சிஜன் உறை, 1972இல் கருதப்பட்டதைவிட மிகமிக மெல்லியது.

1977 மார்ச் 10 நிகழ்வு இதனினும் சிக்கலானது. அன்று யுரேனஸ் எஸ்.ஏ.ஓ. 158687 என்னும் விண்மீனை மறைக்கவிருந்தது. கோளின் நிழல் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதி வழியே சென்றமையால் காவலூரில் கோள்மறைப்பு நிகழவில்லை. ஆயினும் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளி சில நொடிகள் தாழ்ந்து மீண்டதைப் பதிவுசெய்தனர். 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதிய குறிப்பின் தலைப்பே அதனை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றது.

அம்முடிவை அவசரம் என ஒதுக்கிவிட இயலாது. கையிலிருந்த தெளிவான தாழ்வு ஒன்றே. ஒற்றைத் தாழ்வுக்கு ஒற்றைப் பொருளே எளிய விளக்கம். அதே இரவில் கைப்பர் பறக்கும் ஆய்வகத்தில் தென்கடல்மீது பறந்துகொண்டிருந்த எலியட், டன்ஹாம், மிங்க் ஆகியோரும் முதலில் துணைக்கோள்கள் என்றே எண்ணினர். ஆனால் அவர்களிடம் கோள்மறைப்புக்கு முன்னும் பின்னுமான ஒளிப்பதிவுகள் இருந்தன. கோளின் இருபுறமும் ஏறத்தாழ ஒத்த தொலைவுகளில் ஐந்து இணைத் தாழ்வுகள் அமைந்திருந்தமை வளையங்களையே சுட்டியது. காவலூருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே ஆறாயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவுண்டு. சில நொடிகளே மறைக்கும் சிறு துணைக்கோளின் நிழல், நூறு கிலோமீட்டர் அகல அளவினதாகையால், இரு இடங்களிலும் விமானத்திலும் ஒருங்கே விழ வாய்ப்பில்லை. காவலூர்த் தாழ்வு, வளையங்களில் மிக அகன்ற எப்சிலானுக்கு உரியது.

பட்டாச்சார்யாவும் பாப்புவும் தம் பதிவை மீண்டும் ஆராய்ந்து, அதே ஆண்டில் அதே இதழில், சனியைப் போன்ற வளையத் தொகுதி யுரேனஸுக்கும் உண்டென எழுதினர். ஆகவே வளையங்களைக் 'காவலூர் கண்டுபிடித்தது' என்னும் வழக்கு மிகை. வளைய விளக்கத்தின் முதன்மை எலியட் குழுவினர்க்கே உரியது. ஆனால் வளையம் ஒன்றின் நிழல் தமிழ்நாட்டைக் கடந்ததற்கான சான்று காவலூரின் அப்பதிவேயாகும். 1986 சனவரியில் வாயேஜர் 2 யுரேனஸை நெருங்கியபோது, எப்சிலான் வளையம் படங்களில் தெளிவாகப் பதிந்தது.