பதிவேட்டில் நம் பெயர்

நம்மை எப்பெயரால் அழைப்பது, அப்பெயருக்குள் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்னும் வினாக்களைப் பொறுத்தே கல்லூரி இடமும் அரசுப் பணியும் சட்டமன்ற இருக்கையும் அமைகின்றன. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேறும் நம் இளைஞர்கள் அத்தாளின் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். பிறர் இழிவாகச் சொன்ன சொல்லைத் தலைப்பில் ஏந்திய துணிவு அது! எம். சி. ராஜா அவர்களோ அச்சொல்லை அரசு ஏடுகளினின்று நீக்கவேண்டுமெனச் சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடினார். 1922இல் அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. வழி வேறாயினும் இருவரும் வேண்டியது மானமே.

1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தால் தனி இருக்கைகள் கிடைத்தன. அவற்றுக்கு உரியவர் யாவர் எனக் காட்ட 1936இல் ஆங்கில அரசு பட்டியல் வெளியிட்டது. இந்தியக் கிறித்தவர் எவரும் அப்பட்டியலில் அடங்கார் என்றும் அப்போதே எழுதிவைத்தது. விடுதலைக்குப் பின் வந்த 1950ஆம் ஆண்டு ஆணையும் மதத்தையே எல்லையாக்கிற்று. 1956இல் சீக்கியர் அனைவருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர்.

இதன் விளைவைக் காணத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. திண்டுக்கல் வட்டாரச் சேரிகளில் அம்மன் கோயிலுக்குச் செல்லும் அண்ணனும் மாதா கோயிலுக்குச் செல்லும் தம்பியும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். ஊரார் பார்வையில் இருவரும் ஒன்றே. பதிவேட்டிலோ அண்ணன் ஆதிதிராவிடர், தம்பி பிற்படுத்தப்பட்டவர். நிலக்கோட்டைத் தனித்தொகுதியில் அண்ணன் போட்டியிடலாம், தம்பி இயலாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் தம்பிக்கு இல்லை. கல்வி உதவித்தொகை போன்ற சிலவற்றை மட்டும் மாநில அரசு இருவர்க்கும் வழங்குகிறது.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த கிறித்தவத் தொழிலாளி ஒருவர், பட்டியல் சாதித் தொழிலாளர்க்கு அரசு இலவசமாக அளித்த கடை தமக்கு மறுக்கப்பட்டதென உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்வதற்குப் போதிய சான்று இல்லையென 1985இல் வழக்கு தள்ளப்பட்டது. கையில் ஊசியுடன் வீதியில் அமர்ந்திருந்தவர் இன்னும் என்ன சான்று காட்டியிருக்க வேண்டும்? தாய்மதம் திரும்புவோரைச் சாதியார் ஏற்கின்றனரா என்று அதே நீதிமன்றம் 1976இல் கேட்டதையும் இங்கு நினைக்கவேண்டும். மதம் மாறியும் சாதி போகவில்லை என்பதை அக்கேள்வியே ஒப்புக்கொள்கிறதன்றோ?

நம்மவருள் சிலர் அஞ்சுவதும் காரணமின்றி அன்று. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் நூற்றுக்கு இருபதுக்குச் சற்று மேல். ஒதுக்கீடோ 18 விழுக்காடு. இருக்கும் பங்கே குறைவாயிருக்க, பந்தியில் இன்னும் இலை போட்டால் சோறு எங்கே என்கின்றனர். கேள்வி நியாயமானது. எண்ணிக்கை கூடினால் பங்கும் கூடவேண்டும் எனச் சேர்ந்து கேட்பதே இதற்கு வழியென நாம் கருதுகிறோம். தம்பியை வாயிலில் நிறுத்துவதால் அண்ணன் இலையில் சோறு மிகாது.

மதம் மாறியோர் நிலையை ஆராய 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது. கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடரையும் பட்டியலில் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமே உள்ளது.